பொக்கே, மங்கல், மைமல்

அன்பின் நண்பர்களுக்கு,

புகைப்படக் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் வேலையில் வில்லை (லென்ஸ்), குவியத் தூரம், புல ஆழம் (படத்தில் தெளிவாக விழும் தூர அளவு) வரைக்கும் பெரிய சண்டையில்லாமல் வந்துவிட்டோம். இப்போது பொக்கேயில், அதாவது குவியத்துக்கு வெளியே மங்கிய இடம் படத்தில் தோன்றும் விதத்துக்கான சொல்லில், நிற்கிறோம். சென்னை நண்பர் சொன்ன 'பின்புல மங்கல்' என்பதற்குப் பலரும் தலையாட்டியிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் கலியாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மங்கல் என்பது எங்கள் தொழிலில் ஏச்சு வாங்கும் சொல். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது, புல ஆழம் குறைவு) வாங்கிய புதிதில், அதைக் கழற்ற மனமில்லாமல் ஒரு கலியாணம் முழுக்க அதிலேயே எடுத்தேன். மணவறையில் பொம்பிளை, ஓர் அடி பின்னால் தோழி. பொம்பிளையின் கண்ணில் குவியம் வைத்தேன். இரண்டு மீற்றர் தூரத்தில், முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கமெராவில், அந்த லென்ஸை முழுக்கத் திறந்தால் புல ஆழம் 6 செ.மீ. அளவுதான். மூக்கிலிருந்து காது வரைக்குமே போதாது. அல்பம் கொடுத்த அன்று அம்மம்மா தோழியின் முகத்தில் விரலை வைத்து, "என்ன மனே, மற்றப் பேத்திட முகம் மங்கிப் போயிற்றே" என்றார். அவர் சொன்னது சரி. ஒரு மீற்றர் பின்வாங்கி, எஃப் 8 வைத்து, ஃபிளாஷ் போட்டிருந்தால் 60 செ.மீ. கிடைத்திருக்கும், இரண்டு பேத்திகளும் தப்பியிருப்பார்கள். அது மங்கல்தான். என் பிழை. அதே சொல்லை எடுத்து "உங்கள் படத்தில் மங்கல் அழகாக வந்திருக்கிறது" என்று நாளைக்கு ஒருவரிடம் சொன்னால் முற்பணத்தைத் திருப்பிக் கேட்பார்.

'பொக்கே' என்றே எழுதிவிடலாம் என்ற யோசனையும் வந்திருந்தது. கலியாண வீட்டில் அது ஓடாது. "பொக்கே நல்லா வந்திருக்கு" என்று ஒரு பொம்பிளையிடம் சொன்னேன். "அது பெரியம்மா கொழும்பிலயிருந்து கொண்டு வந்தவ" என்றார். கையில் பிடித்திருந்த பூச்செண்டைச் சொல்கிறார்.

இன்னொன்று. இங்கே நாம் தேடுவது எவ்வளவு மங்கியது என்பதற்கான சொல் இல்லை. அந்த அளவைப் புல ஆழம் பார்த்துக்கொள்கிறது. மங்கிய இடம் எப்படி இருக்கிறது என்பதற்குத்தான் சொல் வேண்டும். சாயங்காலம் கல்லடிப் பாலத்தருகே சோடியை நிறுத்தி எடுத்துப் பாருங்கள். பின்னால் பாலத்து விளக்குகளும் வாவியில் அவற்றின் நிழலும் ஒளிப்பொட்டுகளாக விரியும். என்னுடைய பழைய 50 மி.மீ. லென்ஸில், ஒளி நுழையும் துவாரத்தைச் சுருக்கும் இதழ்கள் 5. எஃப் 2.8க்குச் சுருக்கினால் ஒவ்வொரு விளக்கும் ஐங்கோணமாக விழும், தண்ணீரில் தகரத் துண்டு கொட்டிய மாதிரி. கனன் 2015இல் விட்ட 50 மி.மீ. எஸ்.டி.எம். லென்ஸில் 7 வளைந்த இதழ்கள். பொட்டுகள் உருண்டு வரும். முழுக்கத் திறந்துவிட்டால் இதழுக்கு வேலையில்லை, நடுவில் எல்லாம் வட்டம்தான். ஓரத்தில் மட்டும் லென்ஸ் குழாயின் விளிம்பு ஒளியை வெட்டுவதால் பூனைக்கண்ணாக ஒடுங்கும். சில லென்ஸில் பொட்டின் விளிம்பு பளிச்சென்று சவர்க்காரக் குமிழிபோல நிற்கும், சிலதில் விளிம்பே தெரியாமல் கரையும். ஆள்படத்துக்கு நான் காசு கொடுப்பது இந்தக் கரைதலுக்குத்தான். எந்த லென்ஸ் வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிற பெடியன்களுக்கு இதை விளக்க ஒரு சொல் இல்லாமல் கையை ஆட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஜப்பானியர் இதற்குப் புதுச்சொல் தேடவில்லை. 'பொகெ' அவர்கள் வீட்டில் புழங்கும் சொல், மங்குதலுக்கும் வயதானவர்களின் தடுமாற்றத்துக்கும் சொல்வது. 1997இல் ஓர் அமெரிக்கப் புகைப்படச் சஞ்சிகைதான் ஆங்கில வாசகர்கள் சரியாக உச்சரிக்க வேண்டுமென்று கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்து உலகத்துக்குப் பரப்பியது.

எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. பொழுது பட்டு, ஆளின் உருவம் தெரிந்து முகம் தெரியாத நேரத்தை மைமல் என்போம். பேச்சில் மம்மல். "மம்மலாப் போச்சு, விளக்கை வை." பொருளின் கோடுகள் கரைந்து நிறம் மட்டும் நிற்கிற நேரம் அது. அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆகவே பொக்கேக்கு மைமல் என்று முன்மொழிகிறேன். மம்மல் என்று எழுதினால் ஆங்கிலத்து 'மம்மல்' (பாலூட்டி) குறுக்கே வரும், எழுத்தில் மைமல் என்றே இருக்கட்டும்.

கூட்டுச்சொல்லுக்கும் வளைந்து கொடுக்கிறது: மைமல் வட்டம், ஐங்கோண மைமல், சுழல் மைமல், மென்மைமல். இங்கே வந்த இன்னொரு யோசனையான 'குவியமிலா அழகு' என்பதை வைத்து இப்படி ஒன்று செய்து பாருங்கள், நாக்கு சுளுக்கும்.

வட்டாரச் சொல், எல்லாருக்கும் விளங்காது என்று நம்மோடு இருக்கும் யாழ்ப்பாண ஆசிரியர் சொல்வார் என்று தெரியும். சேர், உங்கள் ஊரிலும் மைமல் உண்டு. தமிழகத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 1930களில் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் எங்கள் காரைதீவுக்காரர். அந்தக் கணக்கில் இந்தக் கரைக்கு ஒரு சொல் விட்டுக்கொடுக்கலாம்.

பிரைம் லென்ஸுக்கு, அதாவது குவியத் தூரம் மாறாத லென்ஸுக்கு, 'மாறாக்குவிய வில்லை' எனக்குச் சம்மதம். ஸ்டூடியோவில் 'பிக்ஸ்' என்றுதான் தொடர்ந்து சொல்வார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நாளை அக்கரைப்பற்றில் ஒரு கலியாணம். பதில்களை ராத்திரி வந்துதான் பார்ப்பேன்.