பென்டிரைவ் பூட் ஆகுது, எஸ்எஸ்டி மட்டும் காட்டல: விண்டோஸ் 10 செட்டப்புக்குள் விஎம்டி டிரைவரைச் சேர்ப்பது எப்படி?

காரைக்குடி பென்டிரைவ்:
வணக்கம். ஒரு டியூஷன் சென்டருக்கு 12 லேப்டாப், எல்லாம் ஒரே மாடல். இன்டெல் 11-வது தலைமுறை ஐ3, 256 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஓஎஸ் இல்லாமல் வந்தது. அவங்க வெச்சிருக்கிற பழைய சாஃப்ட்வேருக்காக விண்டோஸ் 10 தான் வேணும்கிறாங்க. பென்டிரைவ் பூட் ஆகுது. எந்த டிரைவில் போடணும்னு கேட்கிற திரையில் லிஸ்ட் காலி, டிரைவ் எதுவும் கிடைக்கலைன்னு வருது. பயாஸில் எஸ்எஸ்டி பெயர் தெரியுது.

பென்டிரைவில் இருக்கிற இன்ஸ்டால்.விம்-ஐ (விண்டோஸ் ஃபைல்கள் அடங்கின இமேஜ்) மவுண்ட் பண்ணி, அதாவது ஒரு ஃபோல்டரா திறந்து, இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை (விஎம்டி டிரைவர் இதில்தான் வரும்) விண்டோஸோட டிஸ்ம் கமாண்ட் மூலமா சேர்த்து, கமிட் பண்ணியாச்சு, அதாவது சேவ் பண்ணியாச்சு. எந்த எர்ரரும் வரல. ஆனா செட்டப் திரையில் அதே காலி லிஸ்ட். ஒவ்வொரு லேப்டாப்பிலும் லோட் டிரைவர் அழுத்திக் கையால் காட்டாம, ஒரே பென்டிரைவில் முடிக்க வழி இருக்கா?

விம் வாத்தியார்:
டிரைவர் சரி, போட்ட இடம்தான் வேற தம்பி. செட்டப் பென்டிரைவில் சோர்சஸ் ஃபோல்டருக்குள்ள ரெண்டு விம் இருக்கு. திரையில் ஓடிட்டு இருக்கிற செட்டப், பூட்.விம்-ல இருந்து வருது. இன்ஸ்டால்.விம் என்பது டிஸ்க்கில் போய் உட்காரப் போற விண்டோஸ். டிஸ்க்கைத் தேடுறது முதலாவது. ரெண்டாவதுக்குள்ள நீங்க என்ன போட்டாலும் அந்த நேரத்தில் அதுக்குத் தெரியாது.

11-வது தலைமுறையில் இருந்து நிறைய லேப்டாப்பில் எஸ்எஸ்டியை நேரா பிசிஐ பஸ்ஸில் காட்டாம, விஎம்டின்னு ஒரு கன்ட்ரோலருக்குப் பின்னால் வெச்சு அனுப்புறாங்க. விண்டோஸ் 10-ல என்விஎம்இக்கு டிரைவர் கூடவே வரும், விஎம்டிக்கு வராது. பயாஸுக்குத் தெரிஞ்ச எஸ்எஸ்டி செட்டப்புக்குத் தெரியாததுக்கு அதுதான் காரணம்.

எதையும் மாத்துறதுக்கு முன்னாடி டிரைவர் சரியானதான்னு பாத்துடுங்க. செட்டப் திரையில் ஷிஃப்ட் எஃப்10 அழுத்தினா கமாண்ட் விண்டோ வரும். டிரைவர் ஃபோல்டரைப் பென்டிரைவிலேயே வெச்சுக்கிட்டு, டிரைவ்லோட் (drvload) கமாண்டுக்குப் பக்கத்தில் ஐஏஸ்டோர்விடி.இன்ஃப் இருக்கிற முழுப் பாதையைக் கொடுங்க. அடுத்து டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க். 238 ஜிபின்னு ஒரு டிஸ்க் வந்தா டிரைவர் சரி. (256 ஜிபி அங்க 238-ன்னுதான் காட்டும், பயப்பட வேண்டாம்.) இது சோதனைக்கு மட்டும்; ரீஸ்டார்ட் ஆனா போயிடும்.

டிஸ்க் வரலைன்னா டிரைவர் வெர்ஷனைப் பாருங்க. இன்டெல் தளத்தில் ஆர்எஸ்டி 19 வரிசை 11-ல இருந்து 13-வது தலைமுறை வரைக்கும். 20 வரிசை 12-க்கு மேல. புதுசுதானே நல்லதுன்னு 20-ஐ எடுத்துட்டு 11-வது தலைமுறையில் மல்லுக்கட்டுறவங்க நிறைய. சந்தேகமா இருந்தா இன்ஃப் ஃபைலை நோட்பேடில் திறந்து 9ஏ0பி-ன்னு தேடுங்க. உங்க தலைமுறை விஎம்டி கன்ட்ரோலரோட டிவைஸ் எண் அது. ஃபைலில் அது இல்லைன்னா அந்த டிரைவர் உங்களுக்கு இல்லை. 12-வது தலைமுறைக்கு 467எஃப் தேடணும்.

காரைக்குடி பென்டிரைவ்:
டிரைவ்லோட் போட்டதும் 238 ஜிபி வந்துடுச்சுண்ணே. டிரைவர் 19 வரிசைதான். இனி பூட்.விம்-ல எப்படிச் சேர்க்கணும்? அதுல ரெண்டு இண்டெக்ஸ் காட்டுது.

விம் வாத்தியார்:
ஒரு விம்முக்குள்ள இருக்கிற ஒவ்வொரு இமேஜுக்கும் ஒரு இண்டெக்ஸ் எண். இண்டெக்ஸ் 1 வெறும் விண்டோஸ் பிஇ, அதாவது பென்டிரைவில் இருந்தே ஓடுற சின்ன விண்டோஸ். இண்டெக்ஸ் 2 தான் செட்டப், பென்டிரைவ் பூட் ஆகும்போது வர்றது அதுதான். 2-ல மட்டும் போட்டாலே டிஸ்க் தெரிஞ்சிடும். 1-லயும் போட்டு வெக்கிறதில் நஷ்டம் இல்லை.

முதல்ல டிரைவரைப் பிரிக்கணும். டவுன்லோட் பண்ண செட்டப்ஆர்எஸ்டி.எக்ஸ்இ-ஐ டபுள் கிளிக் பண்ணாதீங்க. கமாண்ட் விண்டோவில் அதோட பெயருக்குப் பின்னால் -எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ், அப்புறம் ஒரு ஃபோல்டர் பெயர். பிரிஞ்சு வர்றதில் விஎம்டிங்கிற ஃபோல்டர் மட்டும் போதும், அதை டி டிரைவில் வெச்சுக்குங்க. அதுக்குள்ள இன்ஃப், சிஸ், கேட் மூணும் ஒண்ணா இருக்கணும். இன்ஃபை மட்டும் தனியா காப்பி பண்ணினா ஏறாது. எச்எஸ்ஏன்னு ஆரம்பிக்கிற ஃபோல்டர்கள் ஆர்எஸ்டி ஆப்புக்கானது, விட்டுடுங்க.

டி டிரைவில் விம்-னு ஒரு ஃபோல்டரில் பூட்.விம், இன்ஸ்டால்.விம் ரெண்டையும் காப்பி பண்ணுங்க. மவுண்ட்-னு இன்னொரு காலி ஃபோல்டர். அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கணும், 15 ஜிபி காலி இடம் வெச்சுக்குங்க. கமாண்ட் விண்டோவை அட்மினா திறந்து இந்த வரிசையில் (இங்க தமிழ் எழுத்தில் இருக்கு, டைப் பண்றது ஆங்கிலத்தில்):

டிஸ்ம் /மவுண்ட்-விம் /விம்ஃபைல்:டி:\விம்\பூட்.விம் /இண்டெக்ஸ்:2 /மவுண்ட்டிர்:டி:\மவுண்ட்
டிஸ்ம் /இமேஜ்:டி:\மவுண்ட் /ஆட்-டிரைவர் /டிரைவர்:டி:\விஎம்டி\ஐஏஸ்டோர்விடி.இன்ஃப்
டிஸ்ம் /இமேஜ்:டி:\மவுண்ட் /கெட்-டிரைவர்ஸ்
டிஸ்ம் /அன்மவுண்ட்-விம் /மவுண்ட்டிர்:டி:\மவுண்ட் /கமிட்

மூணாவது வரியில் ஓஇஎம்0.இன்ஃப்-னு ஒண்ணு வந்து, ஒரிஜினல் பெயர் ஐஏஸ்டோர்விடி-ன்னு இருந்தா ஏறிடுச்சு. அதைப் பாக்காம கமிட் பண்ணாதீங்க. மவுண்ட் ஃபோல்டரை எக்ஸ்ப்ளோரரில் திறந்து வெச்சிருந்தா அன்மவுண்ட் முரண்டு பிடிக்கும், மூடிட்டுப் போடுங்க.

இன்ஸ்டால்.விம்-ல ஏற்கெனவே போட்டது வீணில்லை, அது கட்டாயம் வேணும். பூட்.விம்-ல மட்டும் டிரைவர் இருந்தா, ஃபைல் எல்லாம் காப்பி ஆகி முதல் ரீஸ்டார்ட்டில் இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்னு நீலத்திரையில் நின்னுபோக வாய்ப்பிருக்கு. எந்த இண்டெக்ஸில் போட்டீங்கன்னும் சரிபாருங்க. ஹோம், ப்ரோ, எஜுகேஷன் ஒவ்வொண்ணும் தனி இண்டெக்ஸ். /கெட்-விம்இன்ஃபோ கொடுத்தா எண்ணும் பெயரும் வரும். ப்ரோவில் டிரைவரைப் போட்டுட்டு ஹோமை இன்ஸ்டால் பண்ணினா போட்டது போச்சு.

மூணாவதா ஒரு இடம் இருக்கு, முக்கால்வாசிப் பேர் தொடுறதே இல்லை. இன்ஸ்டால்.விம் மவுண்ட் ஆகி இருக்கும்போதே அதுக்குள்ள விண்டோஸ்\சிஸ்டம்32\ரெக்கவரி ஃபோல்டரில் வின்ஆர்இ.விம்-னு இன்னொரு விம் கிடக்கும். சிஸ்டம் ஃபைல்ங்கிறதால எக்ஸ்ப்ளோரரில் மறைஞ்சிருக்கும். அதை இன்னொரு காலி ஃபோல்டரில், இண்டெக்ஸ் 1, மவுண்ட் பண்ணி அதே டிரைவரைச் சேர்த்து கமிட் பண்ணுங்க. அதுக்கப்புறம்தான் வெளியில் இருக்கிற இன்ஸ்டால்.விம்-ஐ கமிட் பண்ணணும். கடைசியா பூட்.விம், இன்ஸ்டால்.விம் ரெண்டையும் பென்டிரைவோட சோர்சஸ் ஃபோல்டருக்குத் திரும்பக் காப்பி பண்ணிடுங்க. இதை விட்டாலும் விண்டோஸ் நல்லாத்தான் ஓடும். ஆறு மாசம் கழிச்சு ஸ்டார்ட்அப் ரிப்பேர்னு ரெக்கவரிக்குள்ள போகும்போது அங்க டிஸ்க்கே தெரியாது, அப்ப பென்டிரைவைத் தேடி அலையணும்.

கண்டனூரான்:
இவ்வளவு எதுக்குங்க? பயாஸில் விஎம்டியை ஆஃப் பண்ணினா சாதா என்விஎம்இயா தெரிஞ்சிடும், டிரைவரே வேண்டாம். ஏசர் மாடல் சிலதில் அந்த ஆப்ஷன் மறைஞ்சிருக்கும். மெயின் டேபில் நின்னு கன்ட்ரோல் எஸ் அழுத்தினா வரும். 12 லேப்டாப்பும் அரை நாளில் முடிஞ்சிடும்.

விம் வாத்தியார்:
ஒரே எஸ்எஸ்டி இருக்கிற லேப்டாப்பில் விஎம்டியை ஆஃப் பண்றதால வேகமோ வசதியோ எதுவும் குறையாது. தனி ஆளோட லேப்டாப்னா நானும் அதைத்தான் சொல்வேன். 12 லேப்டாப் இருக்கிற சென்டர்ல தயங்குறதுக்குக் காரணம் வேற. அந்த செட்டிங் பயாஸில்தான் நிக்குது. பயாஸ் அப்டேட்டோ, யாராவது லோட் டிஃபால்ட்ஸ் அழுத்துறதோ நடந்தா விஎம்டி திரும்ப ஆன் ஆகிடும். விஎம்டி டிரைவர் இல்லாத விண்டோஸ் அப்ப நீலத்திரைதான். டிரைவரைப் போட்டு, விஎம்டியை வந்தபடியே ஆன்ல விட்டுட்டா டிஃபால்ட்ஸ் யார் அழுத்தினாலும் கவலையில்லை.

இன்னொண்ணு: ஏற்கெனவே விஎம்டி ஆன்ல விண்டோஸ் ஏறி ஓடுற மெஷினில் திடுதிப்புன்னு ஆஃப் பண்ணக்கூடாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் ஓடினா ரெக்கவரி கீ கேட்கும். கட்டாயம் மாத்தணும்னா கீயைக் கையில் வெச்சுக்கிட்டு, பூட் செட்டிங்கை மாத்துற பிசிடிஎடிட் கமாண்ட் மூலமா சேஃப்பூட் மினிமல் வெச்சு, ரீஸ்டார்ட் ஆகும்போது பயாஸில் மாத்தி, சேஃப் மோடில் ஒரு தடவை உள்ள போயிட்டு, சேஃப்பூட்டை எடுத்துடணும்.

கல்யாண ஆல்பம்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க ஸ்டுடியோ எடிட்டிங் மெஷின் 12-வது தலைமுறை டெஸ்க்டாப். ரெண்டு என்விஎம்இயை விஎம்டியில் ரெய்டு 1 (ரெண்டிலும் ஒரே டேட்டா இருக்கிற மாதிரி) போட்டு வெச்சிருக்கோம். அதில்தான் கல்யாண வீடியோ எல்லாம். விண்டோஸ் இருக்கிறது தனி சாட்டா எஸ்எஸ்டியில், அதை மட்டும் புதுசாப் போடணும். விஎம்டியை ஆஃப் பண்ணிட்டுப் போடலாமா?

விம் வாத்தியார்:
கூடாதுங்க. கண்டனூரார் சொன்னது ஒத்தை எஸ்எஸ்டி மெஷினுக்கு. விஎம்டியை ஆஃப் பண்ணினா ரெய்டு வால்யூம் கலைஞ்சு, ஒரே உள்ளடக்கம் உள்ள ரெண்டு தனித்தனி டிஸ்க்கா விண்டோஸ் முன்னால் நிக்கும். ஒண்ணில் எழுதினா மத்ததுக்குப் போகாது. திரும்ப ஆன் பண்றப்ப ரெண்டும் ஒத்துப்போகாது. விஎம்டியை ஆன்லயே விடுங்க, மேல சொன்ன முறையில் பென்டிரைவைத் தயார் பண்ணுங்க, 467எஃப் இருக்கிற டிரைவரா பாத்து. இன்ஸ்டால் பண்ற நேரத்துக்கு அந்த ரெண்டு என்விஎம்இயையும் கழட்டி வெச்சாலும் தப்பில்லை, எந்த ஸ்லாட்டில் எதுன்னு குறிச்சுக்கிட்டு. பயாஸில் ரீசெட் டு நான்-ரெய்டுன்னு ஒரு வரி இருக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க. ரெய்டு 1 பேக்கப் ஆகாது, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வெளி ஹார்ட்டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்துடுங்க.

காரைக்குடி பென்டிரைவ்:
ரெண்டு சிக்கல். இன்ஸ்டால்.விம்-ஐ ஐஎஸ்ஓவில் இருந்து புதுசா காப்பி பண்ணி மவுண்ட் பண்ணினா சி1510111-னு முடியிற எர்ரர், பர்மிஷன் இல்லையாம். பூட்.விம் கமிட் ஓடும்போது கரண்ட் போயிடுச்சு. இப்ப மவுண்ட் பண்ணினா சி1420127 வருது.

தேவகோட்டை ரஸ்தா:
முதலாவது ரீட்-ஒன்லி. ஐஎஸ்ஓ, டிவிடியில் இருந்து காப்பி பண்ற ஃபைலுக்கு அது ஒட்டிக்கிட்டே வரும். ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ரீட்-ஒன்லி டிக்கை எடுத்தா முடிஞ்சது.

ரெண்டாவது, அந்த இமேஜ் ஏற்கெனவே மவுண்ட் ஆகி இருக்குன்னு அர்த்தம். டிஸ்ம் /அன்மவுண்ட்-விம் போட்டு கடைசியில் கமிட்டுக்குப் பதில் /டிஸ்கார்ட் கொடுங்க. அதுக்கும் மசியலைன்னா டிஸ்ம் /கிளீனப்-விம். பாதி கமிட்டில் நின்ன பூட்.விம்-ஐ நம்பாதீங்க, ஐஎஸ்ஓவில் இருந்து புதுசா எடுத்துப் போடுங்க. நம்ம ஊர் கரண்டுக்கு இந்த வேலையை டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இல்லாம பண்ணவே கூடாது, பேட்டரி நல்லா இருக்கிற லேப்டாப்தான் சரி.

அடுத்து வரப்போறதையும் சொல்லிடறேன். பென்டிரைவ் ஃபேட்32-ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஃபைல் ஏறாது. டிரைவர் சேர்த்ததும் இன்ஸ்டால்.விம் அதைத் தாண்ட வாய்ப்பு உண்டு. டிஸ்ம் /ஸ்ப்ளிட்-இமேஜ் கொடுத்து, எஸ்டபிள்யூஎம்ஃபைல் பெயர் இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம், ஃபைல்சைஸ் 3800-னு வெச்சா துண்டாகும். துண்டுகளை சோர்சஸ் ஃபோல்டரில் போட்டு, பழைய இன்ஸ்டால்.விம்-ஐ எடுத்துடணும். செட்டப் துண்டுகளைத் தானே சேர்த்துப் படிச்சுக்கும்.

மீடியா கிரியேஷன் டூலில் எடுத்தவங்களுக்கு விம்முக்குப் பதில் இன்ஸ்டால்.இஎஸ்டி இருக்கும். அதை அப்படியே மவுண்ட் பண்ணி மாத்த முடியாது. டிஸ்ம் /எக்ஸ்போர்ட்-இமேஜ், கம்ப்ரெஸ் மேக்ஸ், வேணுங்கிற எடிஷனோட இண்டெக்ஸ் கொடுத்து விம்மா மாத்திட்டு ஆரம்பிக்கணும். பூட்.விம்-ஐ எப்பவாவது எக்ஸ்போர்ட் பண்ணினா /பூட்டபிள் சேர்க்க மறக்காதீங்க.

டிஸ்ம் பக்கமே போக விருப்பம் இல்லாதவங்களுக்கு ஒரு குறுக்கு வழி. பென்டிரைவின் ரூட்டில் டாலர் குறி, வின்பிஇடிரைவர், மறுபடி டாலர் குறி, இடைவெளி இல்லாம இதையே பெயரா வெச்சு ஒரு ஃபோல்டர் போட்டு, விஎம்டி ஃபோல்டரை அதுக்குள்ள வைங்க. செட்டப் ஆரம்பிக்கும்போது தானா எடுத்துக்கும், ஏத்துற விண்டோஸுக்கும் கொண்டுபோகும். ரெக்கவரி விம்முக்கு மட்டும் வாத்தியார் சொன்ன வழிதான்.

இழைப்புளி:
மர வேலைப்பாடு பண்ற சிஎன்சி ரவுட்டருக்கு எக்ஸ்பிதான் வேணும். எச்61 போர்டு, சாட்டா ஹார்ட்டிஸ்க். சிடி பூட் ஆகி, கொஞ்ச நேரத்தில் 7பி-ன்னு (பூட் டிஸ்க்கை அணுக முடியலைங்கிற எர்ரர்) நீலத்திரை. இதுவும் இந்தக் கேஸ்தானா?

தேவகோட்டை ரஸ்தா:
ஆமா, நோய் ஒண்ணுதான், மருந்து வேற. எக்ஸ்பியில் விம் கிடையாது, டிஸ்ம் உதவாது. எச்61 பயாஸில் சாட்டா மோடை ஏஎச்சிஐல இருந்து பழைய முறையான ஐடிஇக்கு மாத்துங்க, டிரைவர் இல்லாமலே போகும். ரவுட்டருக்கு அந்த வேகம் தாராளம். ஏஎச்சிஐதான் வேணும்னா என்லைட்ங்கிற சாஃப்ட்வேரில் சிடியைத் திறந்து, டிரைவரை டெக்ஸ்ட்மோடா (செட்டப்போட முதல் கட்டத்துக்கானதா) சேர்த்து புது ஐஎஸ்ஓ எழுதணும். சாதா பிஎன்பி டிரைவராச் சேர்த்தா செட்டப்போட முதல் கட்டத்தில் அது எடுபடாது. போர்டு மாத்துறதா இருந்தா 100 வரிசை சிப்செட்டுக்கு முந்தினதா வாங்குங்க; அதில் இருந்து ஐடிஇ மோடையே எடுத்துட்டாங்க.

காரைக்குடி பென்டிரைவ்:
11 லேப்டாப் முடிஞ்சது, லோட் டிரைவர் தொடவே இல்லை. ஒண்ணில் மட்டும் டிஸ்க் தெரியுது, ஆனா எம்பிஆர் பார்ட்டிஷன் டேபிள் இருக்கு, இதில் போட முடியாதுன்னு நிக்குது.

விம் வாத்தியார்:
அது டிரைவர் பிரச்சினை இல்லை. அந்த எஸ்எஸ்டியில் ஏற்கெனவே யாரோ எம்பிஆரா (பழைய பார்ட்டிஷன் முறை) பார்ட்டிஷன் போட்டிருக்காங்க, யுஇஎஃப்ஐல (புது வகை பயாஸ்) பூட் ஆன செட்டப்புக்கு ஜிபிடி (புது பார்ட்டிஷன் முறை) வேணும். உள்ள டேட்டா எதுவும் வேண்டாம்னா ஷிஃப்ட் எஃப்10, டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க், கிளீன், கன்வர்ட் ஜிபிடி, எக்ஸிட். முடிச்சுட்டு ரிஃப்ரெஷ் கொடுங்க. செலக்ட் பண்றப்ப எண்ணை மட்டும் நம்பாம சைஸைப் பாத்து 238 ஜிபியை எடுங்க. விஎம்டி டிரைவர் ஏறுற நேரத்தைப் பொறுத்து சில சமயம் பென்டிரைவே டிஸ்க் 0-வா வந்து உட்காரும்.