புதுப்பிப்பு: .308 ரைபிளில் வெற்றுக்கூடு சிக்கியது, காரணம் சேம்பர் துரு

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. சுட்டபின் போல்ட் (சேம்பரை, அதாவது தோட்டா அமரும் அறையை, பின்னாலிருந்து அடைக்கும் உருளை) கைப்பிடி இறுகுகிறது, தோட்டாவின் வெற்றுக்கூடு வர மறுக்கிறது என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து கேட்டிருந்தேன். தோட்டா மருந்தின் அழுத்தம் அதிகம் என்றார்கள் சிலர், பேரலில் செம்புப் படிவு என்றார்கள் சிலர். பலித்தது, "கூட்டின் உடம்பில் கீறல் இருக்கா பாருங்க" என்று ஒரு அண்ணன் சொன்னதுதான்.

இருந்தது, நீளவாக்கில். பிரைமர் (கூட்டின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகவில்லை, ஆக, அழுத்தமாக இருக்க வாய்ப்பு குறைவு. மேகசினைக் கழற்றி, போல்டை உருவி, சேம்பர் காலி என்று விரல் விட்டு உறுதிசெய்தபின் டார்ச் அடித்தால், கூட்டின் தோள்பட்டை (கழுத்தை நோக்கிக் குறுகும் இடம்) அமரும் பகுதிக்குப் பின்னால் செம்பழுப்புத் துரு. ஃபோம் வைத்த பையிலேயே ரைபிளை விட்டுவைத்தால் கடல்காற்றின் ஈரம் அதில் தங்கிவிடும்.

எண்ணெய் தொட்ட வெண்கலச் சேம்பர் பிரஷ், கையால் 15 சுற்று. டிரில் வேண்டாம், சேம்பர் தேயும். பிறகு சால்வென்ட் (படிவைக் கரைக்கும் திரவம்) தொட்ட துணி, கடைசியில் உலர்ந்த துணி இரண்டு. எண்ணெய் மிஞ்சினால் கூடு சுவரைப் பிடிக்காது, உதை முழுக்க போல்டுக்குப் போகும்.

எதிர்பாராதது: பேரலைத் துடைக்க 12 துணி போட்டும் நீலம் (செம்பு கரைவதன் அடையாளம்) நிற்கவில்லை. அம்மோனியா சால்வென்ட் கரைத்தது பித்தளை ஜாக்கை (துணியைப் பேரலுக்குள் தள்ளும் கம்பியின் முனை)! பிளாஸ்டிக் ஜாக் மாட்டியதும் இரண்டாவது துணியே வெள்ளை.

20 தோட்டா சுட்டாயிற்று, ஒன்றும் சிக்கவில்லை. கீறல் மட்டும் லேசாக விழுகிறது. துரு தின்ற குழிகள் பிரஷுக்குப் போகாது, அது கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) வேலை.