ரெய்ஷி திரவ வளர்ப்பு: லிட்டருக்கு 9 கிராம் படிவு நம்பலாமா?

பீன்யா_ஷேக்கர்:
பெங்களூர்ல சின்ன லேப். கனோடெர்மா லூசிடம் (ரெய்ஷி காளான்), 250 மி.லி ஃபிளாஸ்க்ல 100 மி.லி உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் மீடியம், 28 டிகிரி, 120 ஆர்பிஎம், 8 நாள். ஒவ்வொரு ஃபிளாஸ்க்லயும் காளான் வளர்ந்த அகார் துண்டு அஞ்சு போடறோம். காளான் இழை உருண்டை எல்லாம் சுண்டைக்காய் அளவுக்கு வருது. வடிகட்டின நீர்ல 4 மடங்கு எத்தனால் ஊத்தினா லிட்டருக்கு 9 கிராம் வெள்ளைப் படிவு. எல்லாமே காளானோட பாலிசாக்கரைடுதானா (நீளமான சர்க்கரைச் சங்கிலி)? கார்டிசெப்ஸ்னு இன்னொரு மருந்துக் காளானுக்கும் இதே செட்டப் போதுமா?

வடிகுழல்:
ஷேக் ஃபிளாஸ்கில் ரெய்ஷி பெரும்பாலும் ஒன்றிரண்டு கிராம்தான் தரும். மிச்சத்துக்கு உருளைக்கிழங்கு மேல்தான் என் சந்தேகம். ஸ்டார்ச்சும் எத்தனாலில் படியும். படிவைக் கரைத்து ஒரு சொட்டு அயோடின் விடுங்கள், நீலமானால் விஷயம் முடிந்தது.

மீடியத்தை மாற்றுங்கள். லிட்டருக்கு குளுக்கோஸ் 30 கிராம், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 5, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1, மக்னீசியம் சல்பேட் 0.5, பிஎச் 5.5. குளுக்கோஸைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) பிறகு சேருங்கள். சேர்த்தே வேகவைத்தால் பழுப்பேறும். காளான் போடாத மீடியத்திலும் அதே அளவு எத்தனால் ஊற்றிப் பாருங்கள், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்டும் கொஞ்சம் படியும். சர்க்கரையை அளக்கும் ஃபீனால்-சல்ஃப்யூரிக் சோதனை மிச்சக் குளுக்கோஸையும் சேர்த்தே எண்ணும். டயாலிசிஸ் செய்யாமல் (சவ்வுப் பையில் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றாமல்) அந்த எண்ணை யாரிடமும் காட்டாதீர்கள்.

ஆர்பிஎம்150:
உருண்டை பெருசாகக் காரணம் அந்த அஞ்சு துண்டுதாங்க. வளரும் முனைகள் கம்மியா இருந்தா ஒவ்வொண்ணும் பெருத்துடும், ஆக்ஸிஜன் உள்ளே போகாம நடு செத்துடும். விதை வளர்ப்பை (முன்கூட்டியே திரவத்துல வளர்த்த காளானை) ஸ்டெரைல் பிளெண்டர்ல சில விநாடி விட்டு விட்டு அடிச்சு 10 சதவீதம் போடுங்க. ஃபிளாஸ்க்ல 50 மி.லி போதும், 150 ஆர்பிஎம். ரொம்ப ஏத்தினா இழை அறுபடலாம்.

இன்னொண்ணு. பெங்களூர் 900 மீட்டர் உயரம். கேஜ்ல 15 பிஎஸ்ஐ காட்டினாலும் ஆட்டோகிளேவ் உள்ளே 121 டிகிரி வராது, 119-120தான். சில நிமிஷம் கூட வைங்க. 24-48 மணி நேரத்துல நீர் கலங்கினா பாக்டீரியா, ஃபிளாஸ்க்கை அப்படியே ஆட்டோகிளேவ் பண்ணிக் கொட்டிடுங்க.

வடிகுழல்:
கார்டிசெப்ஸுக்கு இது ஒத்துவராது. வளர்ப்பில் பயன்படும் கார்டிசெப்ஸ் மிலிடாரிஸுக்கு 22-25 டிகிரி வேண்டும். ஏப்ரலில் கூலிங் இல்லாத ஷேக்கர் தாங்காது. அது தரும் கார்டிசெபின் என்ற சேர்மம் வேண்டுமென்றால் ஐந்தாறு நாள் குலுக்கி, பிறகு அசையாமல் வையுங்கள், மேலே ஆடை கட்டும்போதுதான் நன்றாகச் சேரும். அளவை எச்பிஎல்சியில் (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) 260 நானோமீட்டரில் பாருங்கள். 'கீடா ஜடி' என்று விற்கும் இன்னொரு இனமான சைனென்சிஸ் கல்ச்சரை வாங்கிவிடாதீர்கள், அதில் கார்டிசெபின் மிகக் குறைவு. மிலிடாரிஸ் கல்ச்சர் அடிக்கடி மாற்றி நட்டால் வீரியம் இழக்கும். வாங்கியதுமே சில குழாய்களைக் கிளிசராலில் உறைய வைத்துவிடுங்கள்.