கணைக்காலால் அடித்தால் புள்ளியா?

உப்புவெளி மாஸ்டர்:
நேற்று இந்தக் குழுவில் சிவப்பு ஹோகு என்ற பெயரில் ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. அவர் எழுதியது இவ்வளவுதான்: "டைக்வொண்டோவில் கணைக்காலால் ஓங்கி அடித்தாலும் ஹோகுவில் சத்தம் கேட்டால் புள்ளி உண்டு, அதற்காகத்தான் சின்கார்ட் போடச் சொல்கிறார்கள்." என்னிடம் பழகும் பிள்ளைகள் மூன்று பேர் இதைப் போனில் கொண்டுவந்து காட்டி, "மாஸ்டர், நீங்கள் மட்டும் ஏன் வேறுமாதிரிச் சொல்லித் தருகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். ஆகவே எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். புதியவர்களுக்காக: ஹோகு என்பது நெஞ்சுக்கவசம், சின்கார்ட் என்பது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே உள்ள கணைக்காலுக்குப் போடும் கவசம். விதியில் உதை என்றால் கணுக்கால் எலும்புக்குக் கீழே உள்ள பாதத்தால் அடிப்பது. அதற்கு மேலே எந்த இடத்தால் அடித்தாலும், எவ்வளவு பலமாக அடித்தாலும் புள்ளி கிடையாது. சின்கார்ட் தருவது எதிராளியின் முழங்கையிலோ காலிலோ உங்கள் எலும்பு மோதினால் அடி பலமாகப் படாமல் இருக்க. அடிப்பதற்கு இல்லை.

சிவப்பு ஹோகு:
மாஸ்டர், நான் கனவு கண்டு எழுதவில்லை. போன முறை மாவட்டப் போட்டியில் என் மகன் கணைக்காலால் அடித்தான், இரண்டு புள்ளி போட்டார்கள். வீடியோ என்னிடம் இருக்கிறது. போர்டில் விழுந்த புள்ளியை இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்ல முடியும்?

உப்புவெளி மாஸ்டர்:
அது எந்த ஹோகு? சாதா ஹோகுவா, எலக்ட்ரோனிக் ஹோகுவா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

சிவப்பு ஹோகு:
ஹோகு ஹோகுதான். புள்ளி புள்ளிதான்.

உப்புவெளி மாஸ்டர்:
இல்லை, இங்கேதான் முழுப் பிரச்சினையும் கிடக்கிறது. நம் ஊர்ப் போட்டிகளில் பிள்ளைகள் போடுவது சாதா ஹோகு. மூலையில் இருக்கும் நடுவர்கள் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுப் புள்ளிப் பொத்தானை அழுத்த வேண்டும். கணைக்காலால் அடித்தால் "படார்" என்று சத்தம் வரும், ஏனென்றால் பட்டையான நீள எலும்பு ஹோகுவில் விழுகிறது. நடுவர் ஏமாந்து அழுத்திவிடுவார். எலக்ட்ரோனிக் ஹோகு அப்படி இல்லை. காலுறையில் உணரி இருக்கிறது. அந்தக் காலுறை ஹோகுவில் பட வேண்டும், அந்த எடைப்பிரிவுக்கு வைத்திருக்கும் அளவுக்கு அடியும் விழ வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் எண் ஏறும். கணைக்காலில் காலுறை இல்லை, உணரியும் இல்லை. நீங்கள் ஆயிரம் தரம் அடித்தாலும் சைபர்தான். லண்டன் ஒலிம்பிக் 2012இல் எலக்ட்ரோனிக் ஹோகு வந்துவிட்டது, ரியோ 2016இல் தலைக்கவசமும் எலக்ட்ரோனிக் ஆகிவிட்டது. நாம் இன்னும் சத்தத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கினால் கொழும்புக்குப் போய் அழுதுகொண்டுதான் வருவார்கள்.

டச்பே:
மாஸ்டர் சொல்வது சரி, அழுதுகொண்டு வந்தவன் நான்தான். ஊரில் எல்லோரையும் விழுத்திவிட்டுக் கொழும்பில் ஒரு போட்டிக்குப் போனேன். முதல் சுற்றில் பத்துத் தரமாவது அடித்திருப்பேன், பார்வையாளர்கள் கூடக் கை தட்டினார்கள், போர்டில் எனக்கு ஒன்றுமே இல்லை. எதிரே நின்றவன் முன்காலை மடித்துத் தூக்கி மெல்ல மெல்லத் தட்டினான், அவனுக்கு இரண்டு, இரண்டு, இரண்டு என்று ஏறியது. திரும்பி வரும் இரவு ரயிலில் ஒருவரோடும் கதைக்கவில்லை.

பழைய கறுப்புப்பட்டி:
அதைத்தான் நானும் வருடக்கணக்காகச் சொல்கிறேன். காலால் தொட்டு விளையாடுவதற்கு ஏன் டைக்வொண்டோ என்று பெயர்? நாங்கள் பழகியது ஐ.டி.எப் (சர்வதேச டைக்வொண்டோ கூட்டமைப்பு) முறை, அதற்கு விதி வேறு. நெஞ்சில் ஹோகு இல்லை, கைக்கும் காலுக்கும் மட்டும் பாதுகாப்பு. கையால் முகத்துக்கும் அடிக்கலாம், கட்டுப்பாட்டோடு அடிக்க வேண்டும். நெஞ்சில் மெத்தை இல்லாவிட்டால்தான் ஒருவன் தடுக்கப் பழகுவான். உங்கள் பிள்ளைகள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

உப்புவெளி மாஸ்டர்:
ஐயா, உங்கள் முறையை நான் மதிக்கிறேன், ஆனால் இங்கே கேள்வி அது இல்லை. கணுக்காலுக்கு மேலா, கீழா என்பதுதான் கேள்வி.

சிவப்பு ஹோகு:
பாருங்கள், மாஸ்டரே இப்போது கணுக்கால் என்கிறார். நான் எழுதியது கணைக்கால். நான் எழுதாததற்கு இவ்வளவு நேரம் பதில் எழுதியிருக்கிறார்.

உப்புவெளி மாஸ்டர்:
கணுக்கால் என்பது பாதமும் காலும் சேரும் மூட்டு. கணைக்கால் என்பது அதற்கு மேலே முழங்கால் வரை உள்ள பகுதி. நீங்கள் கணைக்கால் என்று எழுதினீர்கள், அது கணுக்காலுக்கு மேலே இருக்கிறது, ஆகவே புள்ளி இல்லை. இதைவிட எப்படித் தெளிவாகச் சொல்வது?

சிவப்பு ஹோகு:
அப்படியானால் என் மகனுக்கு விழுந்த இரண்டு புள்ளி?

நடுவர் மேசை:
நானும் மூலைக் கதிரையில் இருந்திருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. அந்தக் கதிரையில் இருந்து பார்த்தால், எதிராளியின் முதுகு நம் பக்கம் இருக்கும்போது பாதத்தின் மேற்பக்கமான புறங்கால் பட்டதா கணைக்கால் பட்டதா என்று தெரியாது. மூன்று பேரில் இரண்டு பேர் அழுத்தினால் புள்ளி. நாங்களும் மனிதர்கள். பீஜிங் ஒலிம்பிக் 2008இல் பிரிட்டன் வீராங்கனை சாரா ஸ்டீவன்சன் தலைக்கு உதைத்த உதையை நடுவர்களே தவறவிட்டு, பிறகு வீடியோ பார்த்து முடிவை மாற்றினார்கள். அங்கேயே அப்படி நடந்தால், மக்கேசர் மைதானத்துப் பக்கம் வெயிலில் மூன்று மணித்தியாலம் இருந்த எங்களை ஏன் திட்டுகிறீர்கள்?

சீனக்குடா:
வெயிலைக் காரணம் காட்ட வேண்டாம். ஆறு வருடத்துக்கு முன் ஒரு போட்டியில் என் தங்கை தலைக்குச் சுத்தமாக உதைத்தாள், சபை முழுக்கக் கண்டது, மூலையில் இருந்தவர்கள் ஒருவரும் அழுத்தவில்லை. இறங்கி வந்தவள் பிறகு பழகவே போகவில்லை. அன்றைக்கு எதிர்ப்பக்கம் பயிற்சியாளர் கதிரையில் இருந்தவர் யார் என்று மாஸ்டருக்குத் தெரியும்.

உப்புவெளி மாஸ்டர்:
தெரியும், நான்தான். புள்ளி போடுவது நடுவர், நான் இல்லை. உங்கள் தங்கை நல்ல பிள்ளை, அவள் நிறுத்தியது எனக்கும் கவலைதான், ஆனால் அந்தப் பழி என்னுடையது இல்லை.

சீனக்குடா:
"ஆம், அது புள்ளிதான்" என்று அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

கிண்ணியா உம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எல்லோரும் காலைப் பற்றியே கதைக்கிறீர்கள், எனக்குத் தலையைப் பற்றிக் கேட்க வேண்டும். மகளுக்குப் பன்னிரண்டு வயது, பர்தாவோடு போட்டியில் விடுவார்களா? அடுத்தது, தலைக்கவசம் போட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாதா?

உப்புவெளி மாஸ்டர்:
விடுவார்கள், சகோதரி. தலையை மூடும் துணி கவசத்துக்கு உள்ளே, டொபொக் உடைக்கு உள்ளே இருக்க வேண்டும், எதிராளிக்குக் காயம் வரக் கூடாது, அவ்வளவுதான். ஈரானின் கிமியா அலிசாதே 2016இல் அப்படித்தான் ரியோவில் வெண்கலம் எடுத்தார், ஈரான் பெண் ஒருவர் எடுத்த முதல் ஒலிம்பிக் பதக்கமும் அதுதான். மகளைத் தயங்காமல் விடுங்கள். பல்லுக்கு மவுத்கார்ட் வாங்கும்போது வெள்ளை அல்லது நிறமில்லாததாகப் பாருங்கள், வேறு நிறத்தை விட மாட்டார்கள். இடுப்புக்குக் கீழே போடும் கார்ட் பெண்பிள்ளைகளுக்கும் வேண்டும். அதை டொபொக்குக்கு உள்ளே போட வேண்டும், சின்கார்ட்டும் கைக்கார்ட்டும் அப்படியே.

பழைய கறுப்புப்பட்டி:
தலைக்கவசத்தைப் பற்றி மாஸ்டர் பாதிதான் சொன்னார். கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், விழும்போது தரையில் தலை அடிபடுவதைத் தாங்கும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. குத்துச்சண்டையில் ஆண்களுக்கு 2013இல் தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள்.

உப்புவெளி மாஸ்டர்:
குத்துச்சண்டையில் எடுத்தால் இங்கேயும் எடுக்க வேண்டுமா? அங்கே கை, இங்கே கால். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தாயிடம் வந்து கவசம் வேண்டாம் என்று எழுதுகிறீர்களே, இது நியாயமா?

பழைய கறுப்புப்பட்டி:
வேண்டாம் என்று எங்கே எழுதினேன்? கவசம் இருக்கிறது என்று நம்பித் தலையைக் கொடுக்கக் கூடாது என்கிறேன். தலைக்கு மூன்று புள்ளி, சுழன்று தலைக்கு அடித்தால் ஐந்து. எல்லாப் பிள்ளையும் தலையைத்தான் தேடும். தடுக்கப் பழக்கினீர்களா?

உப்புவெளி மாஸ்டர்:
பழக்கினேன். கிழமையில் மூன்று நாள். நீங்கள் வந்து பார்த்ததே இல்லை.

டச்பே:
இதோடு ஒரு விஷயம். முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதையும் இப்போது விட மாட்டார்கள், மூன்று விநாடிக்கு மேல் போனால் கம்ஜொம் என்ற தண்டனை, எதிராளிக்கு ஒரு புள்ளி. ஒட்டி நின்று முழங்காலை வெளியே திருப்பிப் பாதத்தின் ஓரத்தால் ஹோகுவில் தட்டுவதற்கும் கம்ஜொம். தொட்டு விளையாடுவதைக் குறைக்கத்தான் இந்த விதிகள் வந்தன. ஐயா சொல்வதுபோல எல்லாமே தொடுதல் இல்லை.

சிவப்பு ஹோகு:
ஆக, பாதத்தின் ஓரத்தால் தட்டியதற்கும் ஒரு காலத்தில் புள்ளி விழுந்திருக்கிறது, இல்லையா? அப்படியானால் என் மகனின் கணைக்கால் அடி என்ன குற்றம் செய்தது? அவன் உண்மையாகப் பலமாக அடித்தான். எதிரே நின்ற பிள்ளை இரண்டு அடி பின்னால் போனான். உங்கள் மெசினுக்கு அது தெரியாவிட்டால் மெசினில்தான் பிழை.

உப்புவெளி மாஸ்டர்:
பலம் மட்டும் புள்ளி இல்லை! புறங்காலால் பலமாக அடிக்க வேண்டும். புறங்காலை நீட்டி, விரல்களைக் கீழே அழுத்தி, இடுப்பைத் திருப்பி அடிக்க வேண்டும், அதற்கு ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் போகும். கணைக்காலால் அடிக்க ஒரு கிழமை போதும். அதனால்தான் சோம்பேறித்தனமாகக் கணைக்காலைக் கொடுக்கிறார்கள். புறங்கால் எதிராளியின் முழங்கையில் மோதி வீங்கும், நொண்டும், அதைத் தாங்கிப் பழகியவன்தான் மேலே போவான். உங்கள் மகனுக்கு நல்ல கால் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். தூரத்தைச் சரியாக எடுக்கத் தெரியவில்லை. ஒரு சாண் கிட்டப் போய்விடுகிறான், அதனால்தான் புறங்கால் போக வேண்டிய இடத்தில் கணைக்கால் போய் விழுகிறது. ஒரு சாண் பின்னால் நின்றால் போதும். இதை ஒரு தகப்பனுக்குச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சிவப்பு ஹோகு:
என் மகனைச் சோம்பேறி என்று பொது இடத்தில் எழுதிவிட்டீர்கள்.

உப்புவெளி மாஸ்டர்:
நான் அப்படி எழுதவில்லை. மேலே போய் மறுபடியும் படியுங்கள்.

நடுவர் மேசை:
எலக்ட்ரோனிக் ஹோகு ஒரு சோடியாவது மாவட்டத்துக்கு வந்தால் இந்தச் சண்டை பாதி குறையும். விலையைக் கேட்டால் எந்தக் கழகத்துக்கும் வாய் வராது. சாதா ஹோகுவையே ஆறு பிள்ளைகள் மாறி மாறிப் போடுகிறார்கள், ஒருவரின் வியர்வை காய முதல் அடுத்தவர் கட்டுகிறார். இங்கே கடற்காற்றில் ஒன்றும் காயவும் காயாது.

கிண்ணியா உம்மா:
சிறிய பிள்ளைகளுக்கான சின்கார்ட் திருகோணமலையில் எங்கே எடுக்கலாம்? கேட்டு ஒரு மணித்தியாலம் ஆகிறது, ஒருவரும் சொல்லவில்லை.

டச்பே:
அக்கா, என்னுடைய பழையது ஒன்று இருக்கிறது, வெல்க்ரோ மட்டும் மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை கிண்ணியா வருகிறேன், பாலத்தடியில் தருகிறேன். காசு வேண்டாம்.

சிவப்பு ஹோகு:
நான் வீடியோவைப் போட்டிருக்கிறேன். நாற்பதாவது விநாடியைப் பாருங்கள். படார் என்று கேட்கிறதா இல்லையா?

உப்புவெளி மாஸ்டர்:
கேட்கிறது. கணைக்கால். சாதா ஹோகு.

சிவப்பு ஹோகு:
இரண்டு புள்ளி.

உப்புவெளி மாஸ்டர்:
கணுவுக்கு மேலே.

சிவப்பு ஹோகு:
போர்டைப் பாருங்கள் மாஸ்டர், போர்டை.