நான் எழுதினது ஒண்ணு, அந்தப் பெரியவர் கேட்டது ஒண்ணு: மைன்ஸ் ஊர்க்காரங்க அனுபவம் பகிருங்க

கரிசல்மண்:

அரியலூர்ப் பக்கம். சுண்ணாம்புக்கல் மைன்ஸ் விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். அது எப்படி நடக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும், பந்தல், போலீஸ், பொட்டலச் சாப்பாட்டுக் கதையை விட்டுடறேன். மைக்ல பேசறவங்க சொல்றதை எழுதறதுதான் அன்னிக்கு எனக்கு வேலை. எம்.ஏ. முடிச்சுட்டு வீட்ல இருந்த நேரம், கையெழுத்து நல்லா இருக்கும்னு ஒரு கன்சல்டன்சி ஒருநாள் கூலிக்குக் கூப்பிட்டிருந்தாங்க.

ஒரு ஃபாரம் குடுத்தாங்க. பேர், ஊர், கோரிக்கை. கோரிக்கைக்கு ஒன்றரை வரி இடம். "வேலை, இழப்பீடு, ரோடு, குடிநீர், நாலுக்குள்ள வந்துடும் தம்பி, நீளமா எழுதாதீங்க"ன்னு பக்கத்துல இருந்த சார் சொன்னார். முக்கால்வாசிப் பேர் பேசினது அந்த நாலுக்குள்ளதான் வந்துச்சு.

அப்புறம் ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயசுக்கு மேல. மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிக்கணும்னு தெரியாம வாயோட ஒட்டி வச்சுக்கிட்டார். "எங்க முந்திரிக் காட்டுக்கும் ஓடைக்கும் நடுவுல எம் பொண்ணைப் பொதைச்சிருக்கேன். பதினோரு வயசுல பாம்பு கடிச்சுப் போயிட்டா. நீங்க தோண்டிக்கிட்டே வந்தா அந்த எடம் வரும். வர்றப்ப யாரு எங்கிட்ட சொல்லுவா?" அவ்வளவுதான். அடுத்த ஆள் கைக்கு மைக் போயிடுச்சு. நான் எழுதினது: "இழப்பீடு கோரினார்."

கூட்டம் முடியறப்ப எழுதினதைத் தமிழ்ல வாசிச்சுக் காட்டணும்னு விதி. அந்த நேரத்துக்குப் பந்தல் காலியாத்தான் இருக்கும். அவர் மட்டும் மடியில துண்டை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேரை வாசிச்சேன். மெதுவா எழுந்து, "நான் காசு கேக்கலையே தம்பி"ன்னார். மேடையில இருந்த அதிகாரி "திருத்திடுங்க"ன்னார். அடிச்சுட்டு, "விவரம் கேட்டார்"னு எழுதினேன். அதுக்கு மேல எனக்கு வார்த்தை வரல.

பன்னெண்டு வருஷம் ஆச்சு. அந்த ஃபாரத்துல நான் போட்ட அடித்தல் கோடு கண்ணுலயே இருக்கு.

மைனிங் மேட்:

நான் இன்னும் மைன்ஸ்லதான் வேலை பார்க்கிறேன், ஊர் பேர் சொல்லல. ரெண்டு மணிக்குச் சைரன், அப்புறம் வெடி. சுவர் விரியுதுன்னு ஊர்ல இருந்து புகார் வந்ததும், அதிர்வு அளக்கிற கருவியைத் தூக்கிக்கிட்டு ஒரு அக்கா வீட்டுக்கு என்னை அனுப்பிச்சாங்க. மண் சுவர், ஓட்டு வீடு. வாசல்ல கருவியைப் பதிச்சு உட்கார்ந்தோம். வெடிச்சது. உத்தரத்துல இருந்து மண்ணு உதிர்ந்து அந்தக்கா வச்சிருந்த தண்ணிக் குடத்துக்குள்ள விழுந்துச்சு. கருவியில நொடிக்கு 3 மில்லிமீட்டர் சொச்சம்.

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997-ல போட்ட சுற்றறிக்கைப்படி, மெதுவா ஆடற, அதாவது அதிர்வெண் குறைஞ்ச அதிர்வா இருந்தா வீடுகளுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர் வரைக்கும் போகலாம். "அளவுக்குள்ளதான் இருக்குக்கா"ன்னேன். "அந்தக் காயிதத்துல வேற என்ன போட்ருக்கு, படி"ன்னுச்சு. படிச்சேன். தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 10. வீட்டுக்கு 5. பழங்காலத்துக் கட்டடம் மாதிரி பதனமா பாத்துக்க வேண்டியதுக்கு 2. "மண் வீட்டுக்கு?"ன்னு கேட்டுச்சு. மண் வீடு, செங்கல் சிமெண்ட் வீடு ரெண்டும் ஒரே வரிசையில இருக்கு, ரெண்டுக்கும் 5 தான்னு சொன்னேன். அந்தக்கா ஒண்ணும் பேசாம குடத்துத் தண்ணியைக் கொல்லையில ஊத்திட்டு, மறுபடி தண்ணி எடுக்கக் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டுக் கிளம்பிடுச்சு. தண்ணி வர்றது ஒருநாள் விட்டு ஒருநாள்.

கருவி சரியாத்தான் காட்டுச்சு. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

பத்துச் சக்கரம்:

டிப்பர் ஓட்டினேன், ஆறு வருஷம். லாரி மோதி ஒரு பையன் செத்துப்போய் ஊரே ரோட்டுல உட்கார்ந்தப்ப வரிசையில நாலாவது வண்டி என்னுது. மோதினது நான் இல்ல. முன்னாடி வரிசையில உட்கார்ந்திருந்தது எங்க தாய்மாமா. எம் பொண்ணுக்குக் காது குத்த மடியில வச்சவரு. வண்டியை விட்டு இறங்கி "மாமா"ன்னேன். என்னைப் பார்க்கல. நம்பர் பிளேட்டையே பார்த்துக்கிட்டிருந்தார்.

எங்களுக்கு ட்ரிப்புக்குத்தான் காசு. எட்டு ட்ரிப் அடிச்சா ஒரு வருமானம், அஞ்சு அடிச்சா டீசல் கணக்கு, வண்டி கணக்குன்னு போக மிஞ்சறது கொஞ்சம். ஏன் வேகமாப் போறேன்னு கேட்கிறவங்க அந்தக் கூலி முறையை யார் வச்சாங்கன்னு கேட்கணும். கம்பெனியைக் கேட்டா வண்டி எங்களோடது இல்ல, கான்ட்ராக்டர் வண்டின்னு சொல்றாங்க. கான்ட்ராக்டரைக் கேட்டா டிரைவர் தப்புங்கிறார். கடைசியில ரோட்டுல எதிரெதிரா நிக்கிறது நானும் எங்க மாமாவும்.

மேட் அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு. உங்களுக்கு அடையாள அட்டை, மாசச் சம்பளம், பி.எஃப். இருக்கும். அங்க இருந்து உறுத்துதுன்னு சொல்றது வேற, எங்க நிலைமை வேற.

மைனிங் மேட்:

தம்பி, எனக்கும் கான்ட்ராக்ட்தான். பதினாலு வருஷமா. தெரியாம பேசாதீங்க.

பத்துச் சக்கரம்:

சரிண்ணே. மன்னிச்சுக்கங்க.

ஓய்வு பெற்ற வருவாய்த்துறை:

நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் பணி செய்து ஓய்வு பெற்றவன். என் அனுபவம் சிறியது: நில எடுப்புக்கு நோட்டீஸ் கொடுக்கப் போன ஒரு வீட்டில் நோட்டீஸை வாங்கிக்கொண்டு, "வெயிலில் வந்திருக்கீங்க" என்று மோர் கொடுத்தார்கள். இன்றுவரை மோரைப் பார்த்தால் அந்த வீடுதான் நினைவுக்கு வரும். அது இருக்கட்டும். இங்கே எழுதுகிற எல்லோரும் வருத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். என்ன செய்ய முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் கருத்துக்கேட்பு. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னதாகச் செய்தித்தாளில் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். அந்த 30 நாளைக் கோபத்தில் கழிக்காதீர்கள். கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். சுவரில் விரிசல் இல்லாதபோதே நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். விரிசல் வந்தபின் எடுத்த படத்தைக் காட்டினால் "முன்பே இருந்தது" என்பார்கள். பேசுவதை எழுதியும் கொடுத்து, ஒப்புதல் சீட்டு வாங்குங்கள்.

அடுத்து மாவட்டக் கனிம அறக்கட்டளை, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கான நிதி. 2015-இல் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 12-க்கு முன் கொடுத்த குத்தகை என்றால் ராயல்டியில் (கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகை) 30 சதவீதம், அதன்பின் ஏலத்தில் போனது என்றால் 10 சதவீதம் இதற்கு வர வேண்டும். 2014-இல் நிர்ணயித்த கணக்கில் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 80 ரூபாய் ராயல்டி. பழைய குத்தகை என்றால் ஒவ்வொரு டன்னுக்கும் 24 ரூபாய் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கு என்று சேர்கிறது. ஒரு டாரஸ் லாரி உங்கள் ஊரைத் தாண்டும்போது அதில் எத்தனை டன் என்று கணக்குப் போடுங்கள். குடிநீர், மருத்துவம், கல்வி முதலியவற்றுக்குத்தான் முன்னுரிமை. தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஊருக்கு எந்த ஆண்டு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள்.

மூன்றாவது கிராமசபை. ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்கும் திட்டத்தை 2013-இல் 12 கிராமசபைகள் கூடி ஒன்றுவிடாமல் நிராகரித்தன. சுரங்கம் வரவில்லை. நீங்களும் தீர்மானம் போடுங்கள்.

மேட்டுத்தெரு:

ஐயா, நியமகிரியையும் நம்ம ஊரையும் ஒரே தட்டுல வைக்காதீங்க. அங்க உச்ச நீதிமன்றம் கிராமசபையைக் கேட்கச் சொன்னது 2006 வன உரிமைச் சட்டத்தை வச்சு. டோங்ரியா கோந்த் பழங்குடி மக்கள், காடு, அவங்க சாமி குடியிருக்கிற மலை. நம்மளோடது பட்டா நிலம், புன்செய். நாம போடற தீர்மானம் மனுவோட மனுவாத்தான் போய்ச் சேருது. எங்க ஊர்லயும் போட்டோம். தீர்மான நோட்டுல நூத்துக்கணக்குல கையெழுத்து, கைநாட்டு. எங்கம்மா போட்ட கைநாட்டு மை கட்டைவிரல்ல ரெண்டு நாள் போகல, சோறு பிசையறப்ப அதையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. ஒண்ணும் நடக்கல. அதனால "போடுங்க, நிக்கும்"னு சொல்லாதீங்க. நம்பி உடையறது ரொம்ப வலிக்குது.

இன்னொண்ணு. கரிசல்மண் யாரையும் யோசனை கேட்கல.

பழைய நோட்டு:

நானும் எழுதலாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன், நான் எதிர்ப்பக்கத்து ஆள். எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சதும் ஒரு ஆலையில சமூகத் தொடர்பு வேலை. தினம் ஊருக்குள்ள போகணும், குறை கேட்கணும், எழுதிக்கிட்டு வரணும். எதுவும் சரின்னு சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாது. முடியாதுன்னும் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. அதனால எல்லாத்துக்கும் "பார்க்கலாம்"னு சொல்லிச் சொல்லி, ஒருநாள் ஸ்கூட்டியை நிறுத்தறேன், ஒரு சின்னப் பிள்ளை வீட்டுக்குள்ள திரும்பி "அம்மா, பார்க்கலாம் அக்கா வந்துருக்கு"ன்னு கத்துச்சு. அவங்கம்மா பதறி வந்து பிள்ளை வாயைப் பொத்தினாங்க. நான் சிரிக்க முயற்சி பண்ணேன்.

அவங்க கேட்டது பெரிசு ஒண்ணும் இல்ல. வெடி வைக்கிற நேரத்தை முதநாளே சொல்லணும், பிறந்த பிள்ளை இருக்கிற வீடு அது. நோட்டுல எழுதி மேல அனுப்பினேன். அந்த மாசம் என்கிட்ட திருப்பிக் கேட்டது மருத்துவ முகாம் போட்டோ மட்டும்தான். வேலையை விட்டுட்டேன், நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. மேட்டுத்தெரு, நீங்க கோபப்படறது நியாயம். ஆனா ஐயா சொன்ன கிணத்துக் கணக்கைத் தயவுசெஞ்சு எழுதி வைங்க. ஆபீஸ்ல எண்ணோட வந்த புகாரை மட்டும்தான் கையில எடுத்துப் படிப்பாங்க. நான் உள்ளே இருந்து பார்த்தது அது.

ஜெயங்கொண்டத்தான்:

எங்களுது சுண்ணாம்பு இல்ல, பழுப்பு நிலக்கரி. ஜெயங்கொண்டத்தைச் சுத்தி 13 கிராமத்துல 1990கள்ல நிலம் எடுத்த கதை தெரியும்ல. எங்கப்பா குடுத்த தொகையை வாங்கிக்கிட்டார். பெரியப்பா பத்தாதுன்னு கோர்ட்டுக்குப் போனார். அதுல ஆரம்பிச்சு ரெண்டு பேரும் பேசிக்கல. நல்லது கெட்டது எதுக்கும் இல்ல. சுரங்கமும் வரல. இருபது வருஷத்துக்கு மேல கழிச்சுத் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தர்றதா அரசு சொன்னப்ப, அப்பாவும் பெரியப்பாவும் தனித்தனியா அந்த வயலுக்குப் போயிருக்காங்க, ஒரே நாள் காலையில. முந்திரிச் சருகு மூடிக்கிடந்ததுல எல்லைக்கல் எங்கன்னு தெரியல. நான் போய்ப் பார்க்கிறப்ப ரெண்டு கிழவரும் ஆளுக்கொரு குச்சியை வச்சுக் கிளறிக்கிட்டிருந்தாங்க. "இங்கதான்டா, வேலிக்கருவைக்கு அந்தாண்ட"ன்னார் பெரியப்பா. எங்கப்பாகிட்ட அவர் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

ஓய்வு பெற்ற வருவாய்த்துறை:

மேட்டுத்தெரு சொன்னது சரி. நியமகிரியை அப்படி எடுத்துக்காட்டியிருக்கக் கூடாது.

கரிசல்மண்ணுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கவும் மனம் வரவில்லை. சுரங்கக் குத்தகை ஒப்பந்தத்தின் பழைய படிவத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு: சுடுகாடு, இடுகாடு, ஒரு பிரிவு மக்கள் புனிதமாகக் கருதும் இடம், இவற்றின் மேல் வேலை செய்யக் கூடாது. பட்டா நிலத்து ஓரத்தில் இருக்கும் ஒற்றைப் புதைமேடு எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. அப்படி ஒன்று இருப்பதாக அதிகாரி முன்னால் யாராவது சொல்லி, அது பதிவானால்தான் உண்டு. கருத்துக்கேட்பில் பதிவான ஆட்சேபத்துக்கு இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் எழுதியாக வேண்டும். அந்தப் பெரியவர் சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறார்.

கரிசல்மண்:

இதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் ஐயா. "விவரம் கேட்டார்"ங்கிறதுக்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. "ஓடைக்கும் முந்திரிக் காட்டுக்கும் நடுவுல மகளைப் புதைச்ச இடம் இருக்கு"ன்னு எழுதியிருந்தா எழுதியாகணும். ஒன்றரை வரியில அது அடங்கியிருக்கும். இப்ப எழுதிப் பார்த்தேன், அடங்குது.

மைனிங் மேட்:

தம்பி, எந்த மைன்ஸ்னு எனக்குத் தனியா சொல்லுங்க. ஓடைக்கு எந்தப் பக்கம்னும் சொல்லுங்க. நாளைக்கு எனக்கு ரெண்டாவது ஷிஃப்ட். எங்களோடதா இருந்தா வெட்டு எதுவரைக்கும் வந்திருக்குன்னு வெளிச்சம் இருக்கிறப்பவே போய்ப் பார்த்துட்டு வர்றேன். வேற கம்பெனியா இருந்தா அங்க என் மச்சான் இருக்கான்.