கலைச்சொல்: குழாய் ‘தொம்’ என்று அதிர்வதற்கு என்ன பெயர்?

அன்பு நண்பர்களே,

ஓடும் தண்ணீரைச் சட்டென மறித்தால் குழாய் அதிர்வதை ஆங்கிலத்தில் ‘வாட்டர் ஹாமர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘நீர்ச்சுத்தியல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று மூவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. போன வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், காரணம் புரியும்.

வாஷிங் மெஷின் தண்ணீர் பிடித்து முடிக்கும்போதெல்லாம் பின்சுவரில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். மாடி வீட்டில் யாரோ அம்மியை நகர்த்துகிறார்கள் என்றே அம்மா நினைத்திருந்தார். நான் குழாயில் கை வைத்துக் காத்திருந்தேன். மெஷினின் வால்வு மூடிய கணத்தில் குழாய் உள்ளங்கைக்குள் துள்ளியது. குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து, அதற்குக் கீழே சிமெண்ட் தூள் உதிர்ந்து கிடந்தது. ஓடி வந்த தண்ணீர், வழி சட்டென அடைபட்டதும் வால்வில் போய் அறைகிறது. அந்த அழுத்தம் அலையாகக் குழாய் வழியே திரும்பி ஓடுகிறது. இரும்புக் குழாயில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரைச் சட்டென மறித்தால் அழுத்தம் ஏறத்தாழ 12 ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். 10 மீட்டர் உயரத்திலுள்ள மேல்தொட்டி தருவது 1 பார்தான். பிளாஸ்டிக் குழாய் கொஞ்சம் விரிந்து கொடுப்பதால் அதில் அடி குறைவு.

1897-98இல் மாஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் ரஷ்ய அறிவியலாளர் நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி ஆராய்ந்தது இதைத்தான். ரஷ்ய மொழியில் இதற்கு நீரின் ‘அடி’ என்ற பொருளில் பெயர். பிரெஞ்சில் ‘கிடா முட்டு’. இரண்டு மொழிக்காரர்களும் கருவியை விட்டுவிட்டு அடிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாமும் அதையே செய்வோம்.

‘நீரடி’ என்றால் தண்ணீருக்கு அடியில் என்று படும். ‘நீர்முட்டு’ சிறுநீர் முட்டுவதை நினைவூட்டும். ‘நீரறை’ என்றால் தண்ணீர் இருக்கும் அறை. அதனால் என் பரிந்துரை ‘நீரறைவு’. கன்னத்தில் அறைகிறோம், சுவரில் ஆணி அறைகிறோம். சுத்தியலின் வேலையும் அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. அடியைத் தாங்கப் பொருத்தும் சாதனத்தை ‘நீரறைவுத் தணிப்பான்’ என்று சொல்லவும் வசதி.

அப்புறம் கீசர். சூடேறும்போது உள்ளே ‘கர்ர்’ என்று இரைவதை ஆங்கிலத்தில் ‘கெட்லிங்’ என்பதால் ‘கெண்டியொலி’ என்று ஒருவர் முன்வைத்தார். நம் கெண்டி ஊற்றுகிற பாத்திரம், அடுப்பில் கொதிப்பதில்லை. ‘உலையிரைச்சல்’ என்று வைக்கலாமே?

---

வணக்கம் ஐயா,

நீரறைவு எனக்குச் சம்மதம். ஆனால் உலை என்றால் இன்றைக்கு அணுவுலை, இரும்புலை வரைக்கும் போகிறது. வேறு குறையும் உண்டு. நான் கீசர் பழுது பார்க்கிறவன். இந்தச் சத்தம் கேட்டுக் கழற்றினால் பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் மேல் வெள்ளையாக ஓடு கட்டியிருக்கும். கடினநீர் சூடேறும்போது கால்சியம் கார்பனேட் பிரிந்து படிகிறது. அந்த ஓட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் மட்டும் ஆவியாகிக் குமிழ் விடும். குமிழ் குளிர்ந்த நீரில் பட்டு உடையும். அதுதான் இரைச்சல். வாடிக்கையாளரிடம் நாங்கள் சொல்வது ‘உப்பு புடிச்சிருக்கு’ என்றுதான். ‘உப்பிரைச்சல்’ என்றால் கேட்டவுடனே என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்துவிடும் அல்லவா? உலை என்று சொன்னால், தண்ணீர் கொதிக்கிறது என்று நினைத்து தெர்மோஸ்டாட்டைக் குறைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். படிவு அப்படியே இருக்கும், எலிமெண்ட் எரிந்துபோகும்.

---

தம்பி,

நீங்கள் சொல்வதே சரி. உலையிரைச்சலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான் சத்தத்தை வைத்துப் பெயர் தேடினேன், நீங்கள் பழுதைக் கையில் எடுத்துப் பார்த்துப் பெயர் சொல்கிறீர்கள். பட்டியலில் ‘உப்பிரைச்சல்’ என்றே சேர்க்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. சுடுதண்ணீர் திறந்ததும் சுவருக்குள் ‘டிக், டிக்’ என்று கேட்கிறதே, அது பழுதில்லை. சுடுதண்ணீருக்குப் போடும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய் 3 மீட்டர் இருந்து, 30 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். கிளாம்ப் இறுக்கமாக இருந்தால் விட்டு விட்டு நழுவும். எங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டு, ‘குழாய் நெட்டி முறிக்குது’ என்றார். ‘குழாய்நெட்டி’ என்று வைக்கலாமா? உங்கள் ஊரில் இதற்கு வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.