முழங்கால் மாற்றிய 19ஆம் நாளில் காயம் கசிகிறது: குளிசை கொடுக்கலாமா?

கேள்வி (களுவாஞ்சிகுடி)

என் தாயாருக்கு 67 வயது, சீனி வியாதியும் உண்டு. கொழும்பில் இடது முழங்கால் மூட்டு மாற்றி இன்றுடன் 19 நாட்கள். தையல் வெட்டிய பின்னர் காயத்தின் கீழ்முனையிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து, கட்டுத் துணியை நாளுக்கு இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. பின்னேரங்களில் உடம்பும் சற்றுக் காய்கிறது. இங்குள்ள மருந்துக்கடையொன்றில் ஐந்து நாளைக்கு அன்டிபயோட்டிக் குளிசை தந்து, முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதைக் கொடுப்பதா, அல்லது மீண்டும் கொழும்புக்குப் போவதா?

பதில் (ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர், கல்முனை)

தம்பி, இன்னும் கொடுக்கவில்லையாயின் கொடுக்க வேண்டாம். மாற்று மூட்டின் உலோகத்திலும் பிளாஸ்ரிக்கிலும் இரத்தம் ஓடுவதில்லை. கிருமிகள் அவற்றின்மேல் பாசிபோல் படலம் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும். குளிசை கசிவைச் சில நாட்கள் அடக்கிக் காட்டும், ஆனால் பின்னர் மூட்டு நீரை எடுத்து வளர்த்துப் பார்க்கும்போது எந்தக் கிருமி என்றே பிடிபடாமற் போகலாம். காயத்தைப் பஞ்சால் ஒற்றி அனுப்புவதும் போதாது, அதில் தோலிலுள்ள கிருமியே பெரும்பாலும் அகப்படும்.

முழங்கால் சூடாக இருப்பது மட்டுமென்றால் நான் பதறமாட்டேன். அந்தச் சூடு சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். மூன்றாம் வாரத்திலும் கசிவது வேறு விடயம். ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குள் என்றால், திறந்து கழுவி பிளாஸ்ரிக் துண்டை மட்டும் மாற்றி மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. படலம் முற்றிவிட்டால் முழுவதையும் கழற்ற நேரிடும். ஆகவே கொழும்பு வைத்தியருக்குத் தொலைபேசியில் அறிவித்துவிட்டு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு இன்றே கூட்டிச் செல்லுங்கள். நடுக்கமோ மயக்கமோ கண்டால் எதற்கும் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பதில் (அக்கரைப்பற்று)

என் கணவரின் இடுப்பு மூட்டுக்கு ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் மூன்று தடவை குளிசை மாற்றி மாற்றித் தந்தார்கள். ஊசியால் நீர் எடுத்தபோது ஒன்றும் வளரவில்லை. முடிவில் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சீமெந்துக் கட்டையை வைத்து, மாதக்கணக்கில் ஊன்றுகோலுடன் இருந்த பிறகே புது மூட்டுப் பொருத்தினார்கள். வெளியேறும்போது தந்த சீட்டை மறவாதீர்கள்: மூட்டின் வகையும் அளவும் அச்சிட்ட ஒட்டுத்தாள் அதில் இருக்கும், பிளாஸ்ரிக் துண்டை மாற்றப்போகும் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

கேட்டவர்

நேற்றிரவும் இன்று காலையும் இரண்டு குளிசைகள் கொடுத்துவிட்டோம். இதைச் சொன்னால் ஏசுவார்களோ?

பதில் (கல்முனை)

ஏசினாலும் மறைக்காதீர்கள். பெட்டியையே கொண்டுபோய், எப்போது விழுங்கினார் என்று மணியுடன் சொல்லுங்கள். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். உடனே சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கு எடுக்கக்கூடும், ஆதலால் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் இன்சுலின் போட்ட நேரத்தையும் குறித்து வைத்திருங்கள்.

கேட்டவர்

சீட்டு அலுமாரியில் கிடைத்தது, ஒட்டுத்தாள்களும் அதில் உள்ளன. வாகனம் வந்துவிட்டது, புறப்படுகிறோம்.